என் மருமகள் வேட்பாளரானாள்

எழுபத்தெட்டு வயதை எட்டிய ஒருவனுக்கு அதிகாலையில் வரும் தொலைபேசி அழைப்பு நல்ல செய்தியைக் கொண்டு வருவது அரிது. 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், கல்லடியிலுள்ள என் வீட்டில் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்த வேளையில் மணி ஒலித்தது. பேசியவள் என் தங்கையின் மகள்.

“மாமா, இண்டைக்கு வீட்டுப் பக்கம் வருவீங்களா? அம்மா பெட்டகத்தப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்புல முடிஞ்சிட்டா.”

“பெட்டகத்தில் உனக்கு என்ன வேலை, மகள்?”

“என்ர பிறப்புச் சான்றிதழ் அதுக்குள்ள இருக்கு. பிரதேச சபைக்கு நான் நிக்கப் போறன்.”

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

மருமகளை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அப்போது அவளுக்கு வயது 26. பாலர் பாடசாலை ஒன்றிலே படிப்பிக்கிறாள். காலையில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலையில் ஸ்கூட்டரில் ஏறி ஊரைச் சுற்றுவாள். அவள் சுற்றுவது வீண் சுற்றன்று. நுண்கடன் நிறுவனங்களிடம் கடன் வாங்கித் தவிக்கும் பெண்களின் வீடுகளில் அமர்ந்து, அவர்கள் கையொப்பமிட்ட கடதாசிகளை வாசித்துக் காட்டுவாள். வாரந்தோறும் வாசலுக்கு வந்து நிற்கும் வசூல்காரனுக்குப் பயந்து, ஒரு கடனை அடைக்க மறு கடன் வாங்கிய பெண்கள் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பேர். 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்குச் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. ஆயினும் எது தள்ளுபடியாகும், எது ஆகாது என்பதை வாசலில் நின்று விளக்குவதற்கு ஆளில்லை. அந்த வேலையைத்தான் இவள் தானாக எடுத்துக் கொண்டிருந்தாள். அதற்காக யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. சில வீடுகளில் மீன்கறி கொடுத்தார்கள்.

பிறப்புச் சான்றிதழின் கதையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூராட்சித் தேர்தலில் வேட்பாளர் பட்டியலில் இளைஞருக்கு ஒரு பங்கு வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் விதிக்கிறது. இளைஞர் என்பவர் 35 வயதைக் கடவாதவர். அதை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அந்த ஆண்டில் இந்தச் சான்றிதழ் காரணமாகவே நாடெங்கும் பல வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டு, விடயம் நீதிமன்றம் வரை சென்றது. இளைஞரை அரசியலுக்கு அழைத்து வருவதற்கென்று கட்டிய கதவு, இளைஞரின் விரலையே நசுக்கிய விந்தையை என்னென்பது!

“பிரதேச செயலகத்திலே பணங்கட்டினால் வேறொரு நகல் எடுக்கலாமே?” என்று கேட்டேன்.

“எடுக்கலாம் மாமா. ஆனா அம்மா தந்து நான் போகணும்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் பஸ் ஏறினேன்.

கல்லடியிலிருந்து தெற்கே செல்லும் வீதியில் வலப்புறம் வாவி தெரிவதும் மறைவதுமாக இருக்கும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வீடு எழுவான்கரையிலும் வயல் படுவான்கரையிலுமாக வாழ்ந்த சனங்கள் நாங்கள். சூரியன் எழும் பக்கத்தில் உறங்கி, அது படும் பக்கத்தில் உழைத்தோம். இடையில் வாவியைக் கடக்கத் தோணி; தோணிக்குப் பின் பாதை. பாதை என்று நான் சொல்வது தெருவையன்று. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றித் துறைக்குத் துறை மிதந்து செல்லும் மேடைக்கு எங்கள் பகுதியில் பாதை என்றே பெயர். 2014 இல் மண்முனையில் ஜப்பானிய உதவியுடன் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் எத்தனை தேர்தல்களில் எத்தனை பேர் பாலங்கட்டித் தருவதாக வாக்களித்தார்கள் என்று எண்ணினால், அந்த வாக்குறுதிகளை அடுக்கியே வாவியைத் தூர்த்திருக்கலாம்.

என் தகப்பனார் படுவான்கரையிலே ஒரு போடியாரின் வட்டையில் முல்லைக்காரராக இருந்தவர். இக்காலப் பிள்ளைகளுக்கு இச்சொற்கள் விளங்காமற் போகலாம். போடியார் என்பவர் பெருநிலத்தின் சொந்தக்காரர். முல்லைக்காரர் அவர் வயலின் வேலையாட்களையும் நீரையும் காவலையும் மேற்பார்வை செய்பவர். விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் போடியார் கொடுப்பார்; சூடடித்த பின் களத்திலேயே கழித்துக் கொள்வார். கோயிலில் வண்ணக்கர் பதவி பெரும்பாலும் அவர் உறவினரிடமே இருக்கும். இன்ன குடியினர் இன்ன பக்கம் என்பது தேர்தலுக்கு முன்னரே முடிவாகியிருக்கும். அரசாங்க சபைக் காலத்தில் அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். நிறத்துக்கு ஒரு பெட்டி. (அபேட்சகர் என்பதே அன்றைய சொல், வேட்பாளர் என்பது பின்னர் வந்தது.) எந்த நிறப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும் என்று போடியார் சொன்னால் போதும். 1931 இலேயே இந்நாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது உண்மை. ஆனால் வாக்கு எங்களுடையதாயிருந்ததே தவிர, எண்ணம் வேறொருவருடையதாகவே இருந்தது.

அப்படிப்பட்ட நிலத்தில் நிலமும் குடும்பப் பெயரும் நியாயவாதத் தொழிலுமின்றி ஒருவர் அரசியலில் எழுவது எளிதன்று. ஆயினும் எழுந்தவர்கள் உண்டு. ஆசிரியராயிருந்த வி. நல்லையா அரசாங்க சபையில் எங்கள் பகுதியின் உறுப்பினராக இருந்தார். 1944 இல் சிங்களத்தை அரச மொழியாக்கும் தீர்மானத்தை ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டு வந்தபோது, தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டு வந்தவர் இவரே. சபையும் அதை ஏற்றுக் கொண்டது. வகுப்பறையிலிருந்து போன ஒருவர் செய்த காரியம் அது. நானும் ஆசிரியனாக இருந்தவன் ஆகையால் இதைச் சற்றுப் பெருமையுடனேயே மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன்.

ஆனால் என் நெஞ்சில் ஆழப் பதிந்தது 1956. அப்போது எனக்கு ஒன்பது வயது. தயிர்ச் சட்டிகளைப் பட்டினத்தில் கொடுத்துவிட்டு வருவதற்குத் தகப்பனார் புறப்பட்டபோது நானும் தொற்றிக் கொண்டேன். திரும்ப வேண்டிய நேரத்தில் ஒரு கூட்டத்தைக் கண்டு நின்றுவிட்டார். பெற்றோமாக்ஸ் விளக்குகளின் நடுவே மெலிந்த இளைஞர் ஒருவர் பேசிக் கொண்டிருந்தார். ‘சுதந்திரன்’ பத்திரிகையில் பணியாற்றிய செ. இராசதுரை அவர். 1927 இல் பிறந்தவர். ஆகவே அந்தச் சித்திரையில் அவருக்கு வயது 28. போடியாரல்லர், நியாயவாதியல்லர், எழுத்தும் பேச்சுமே அவருடைய சொத்து. பிற்காலத்தில் ‘சொல்லின் செல்வர்’ என்று ஊரார் அவரைக் கொண்டாடினார்கள். அவர் பேசியதில் ஒரு சொல்லும் எனக்கு இன்று ஞாபகமில்லை. ஆனால் என் தகப்பனார் என் தோளில் வைத்திருந்த கை, பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப இறுகியதும் தளர்ந்ததும் ஞாபகமிருக்கிறது.

தோணியில் திரும்பும்போது, “அவருக்கு வயல் இருக்கா அப்பா?” என்று கேட்டேன்.

“இல்ல மனே.”

“வண்டி?”

“அதுவும் இல்ல. வாய் மட்டுந்தான்.” சற்று நேரம் கழித்து, “நமக்கும் வாய் இருக்கு. நாம தொறக்கிறல்ல” என்றார்.

எங்கள் ஊர் அவருடைய தொகுதியில் அடங்கியதன்று. ஆகவே தகப்பனார் அவருக்கு வாக்களித்திருக்க இயலாது. இராசதுரை வென்றார். தமிழரசுக் கட்சி அந்தத் தேர்தலில் பெற்ற பத்து ஆசனங்களில் மட்டக்களப்பும் ஒன்று.

கதை அத்துடன் முடிந்திருந்தால் பாடப் புத்தகத்தில் சேர்த்துவிடலாம். வாழ்க்கை பாடப் புத்தகமன்று. 1967 இல் மட்டக்களப்பு மாநகர சபை உருவானபோது அதன் முதல் மேயராகவும் அவரே வந்தார். 1989 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1977 இல் அந்த இரட்டை அங்கத்தவர் தொகுதியிலே ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. உதயசூரியன் சின்னத்தில் இராசதுரை நின்றார். வீட்டுச் சின்னத்தில் கவிஞர் காசி ஆனந்தன் நின்றார். இரு சின்னங்களும் ஒரே இயக்கத்தைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் முதியோரை எதிர்த்து எழுந்த இளைஞரே இப்போது முதியவராகி, தம்மினும் இளைய ஒருவரின் சவாலை ஏற்க வேண்டியதாயிற்று. வாசிகசாலைகளில் நண்பர்கள் பேச்சை முறித்துக் கொண்டார்கள். சம்பந்திகள் முகம் பாராமற் போனார்கள். இராசதுரை வென்றார், கவிஞர் தோற்றார். 1979 இல் இராசதுரை ஆளுங்கட்சியில் சேர்ந்து அமைச்சரானார். அன்று என் தகப்பனார் உயிருடன் இருந்தார். செய்தியை வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைத் தட்டத்தை இழுத்து வைத்துக் கொண்டார். அவரைக் குறை கூறுவதற்காக இதை நான் எழுதவில்லை. ஒருவர் இளைஞர் என்பதற்காக மட்டும் அவரைத் தோளில் தூக்கினால், அவருக்கு நரை விழும் நாளில் நமக்குத் தோள் வலிக்கும் என்பதை நான் கண்டவன், அவ்வளவே.

பஸ் சந்தியில் நின்றது. இறங்கி நடந்தேன்.

தங்கை முற்றத்திலே நெத்தலிக் கருவாட்டைப் பரப்பிக் கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “அவ அனுப்பினவளா?” என்றாள். நான் திண்ணையில் அமர்ந்தேன். மருமகள் உள்ளேயிருந்து தேநீருடன் வந்தாள். வைத்துவிட்டு வாய் திறவாமல் போய்விட்டாள். கெட்டிக்காரி.

இங்கே நான் நெடுநாள் எவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1994 மார்ச்சில் கிழக்கு மாகாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அதில் என் மைத்துனர், அதாவது இந்தத் தங்கையின் கணவர், நின்றார். அவருக்கு அப்போது 36 வயது. கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதியவர், நேர்மையானவர், ஆனால் தாமாக முன்வரும் சுபாவம் உள்ளவரல்லர். அவரை முன்னே தள்ளியவன் நான். வரலாறு படிப்பித்த மிடுக்கில், வில்லியம் பிட் 24 வயதில் பிரித்தானியாவின் பிரதமரானார் என்றும், உமக்கு ஒரு வட்டாரத்தைப் பார்க்க முடியாதா என்றும் கேட்டேன். (அந்தப் பிட்டின் தகப்பனாரும் பிரதமராக இருந்தவர் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.) துண்டுப் பிரசுரத்தையும் நானே எழுதினேன். அவர் வென்றார். நான்கு ஆண்டுகள் இரண்டு குழாய்க்கிணறுகளுக்கும் ஒரு மதகுக்குமாக அலைந்தார்.

2005 இல் ஒரு மாலை சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போனார். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. எந்தத் தரப்பினர், என்ன காரணம் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த ஆண்டுகளில் எங்கள் பகுதியில் இப்படி எத்தனை வீடுகள்! மருமகளுக்கு அப்போது ஆறு வயது.

அன்று முதல் தங்கை என்னைக் குற்றஞ்சாட்டியதில்லை. குற்றஞ்சாட்டியிருந்தால் ஒருவேளை என் பாரம் குறைந்திருக்கும். இருபது ஆண்டுகளாக நான் அவ்வீட்டுத் திண்ணையில் அமரும்போதெல்லாம் அந்தப் பிரசுரத்தின் வாசகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்.

“தங்கச்சி, அவளுக்கு நான் பரிந்து பேச வரவில்லை” என்றேன்.

“அப்ப என்னத்துக்கு வந்தீங்க?”

“தெரியவில்லை.”

அவள் கருவாட்டைப் புரட்டினாள். காகம் ஒன்று வேலியில் வந்து அமர்ந்தது. “இவ நிண்டு என்ன செய்யப் போறா அண்ணே? காசிருக்கா, கட்சியிருக்கா? ராத்திரியில கூட்டத்துக்குப் போய் வாறத்துக்கு ஒரு ஆம்புள இருக்கா?”

அவளுடைய கேள்விகள் நியாயமானவையே. மருமகளுடன் நின்றவர்கள் ஒரு சுயேச்சைக் குழுவினர். பாலர் பாடசாலை ஆசிரியைகள் இருவர், ஓட்டோ ஓட்டும் பட்டதாரி ஒருவர், வலை பின்னும் தாய் ஒருவர் என்று சேர்ந்த கூட்டம். சட்டப்படி ஒருவர் தனியே நிற்க முடியாது. சபையின் வட்டாரங்கள் எல்லாவற்றுக்கும் ஆள் சேர்த்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். கட்சிகளுக்கு அது எளிது. இவர்களுக்கு ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையில் நடந்த ஒவ்வொரு போராட்டம். பெண்களுக்கு நூற்றுக்கு 25 என்ற பங்கு 2018 தேர்தலில் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாட்டின் உள்ளூராட்சிச் சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேரளவிலேயே இருந்தார்கள். அத்தேர்தலின் பின் அது இருபதைத் தாண்டிற்று. ஆயினும் கட்சிப் பட்டியல்களில் பெண் பெயர்கள் பல, எண்ணிக்கையை நிரப்புவதற்காக ஏறியவை. இவர்களுடைய பட்டியலில் அப்படியில்லை என்பதை நான் பின்னர் கண்டேன்.

நான் சொன்னேன்: “1994 இல் அவரை நான்தான் தள்ளினேன், தங்கச்சி. இதை உன்னிடம் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் சென்றது.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இல்லை, ஆச்சரியமாக. “நீங்க தள்ளல்ல அண்ணே. நீங்க வந்து சொல்றத்துக்கு முதல் நாளே அவர் என்னட்டக் கேட்டார், நிக்கவா எண்டு. நான்தான் ஓம் எண்டன். நாமினேசனுக்குப் போட்டுப் போன வெள்ளச் சேட்ட நான்தான் மினுக்கிக் குடுத்தன்.”

அவ்வளவுதான் சொன்னாள். கையைக் கழுவிக் கொண்டு உள்ளே போனாள். சேலைத் தலைப்பை அவிழ்க்கும் ஓசை கேட்கக்கூடியதன்று. ஆனால் எனக்குக் கேட்டது. பெட்டகத்தின் மூடி கிறீச்சிட்டது. சிறிது நேரத்தின் பின் இரண்டு கடதாசிகளுடன் வெளியே வந்தாள். ஒன்றை மகளிடம் கொடுத்தாள். மற்றதை என் மடியில் வைத்தாள். மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்த துண்டுப் பிரசுரம். நான் எழுதியது. மூக்குக் கண்ணாடி இல்லாமலே வாசித்தேன், மனப்பாடமாயிற்றே! இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றை 1994 இல் நான் கவனிக்கவில்லை.

மருமகள் சான்றிதழைக் கையிலே பிடித்தபடி தாயின் காலில் விழப் போனாள். “போ கா, கச்சேரி பூட்டிருவானுகள்” என்றாள் தங்கை.

அதன் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். மனு ஏற்கப்பட்டது. சின்னம் கேத்தல். “வீடு, சூரியன், படகு என்றெல்லாம் பெருமையான சின்னங்களைக் கண்ட ஊரிலே கேத்தலா?” என்று நான் சிரித்தேன். “எல்லா வீட்டுலயும் இருக்கிற சாமான் மாமா” என்றாள். பதாதைக்குப் பணமில்லை. ஆகவே வாசல் வாசலாகப் போய், உண்மையான கேத்தல் ஒன்றையே தூக்கிக் காட்டினார்கள். சில வீடுகளில் அதற்குள் தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். புள்ளடி எங்கே இடுவது என்பதைப் பிள்ளைகளின் சிலேற்றில் வரைந்து காட்டினாள். முதியவர்கள் இது தேர்தலா, பாலர் வகுப்பா என்று கேட்டார்கள்.

ஒரு மாலை அவளுடைய தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். திருவனந்தபுரத்தில் 2020 டிசம்பரில் 21 வயதில் மேயராகிய ஆர்யா இராஜேந்திரன் என்ற கல்லூரி மாணவி. இன்னொரு படம், 2022 இல் 28 வயதில் சென்னையின் மேயராகிய பிரியா. “இவர்களுக்குப் பின்னால் பெரிய கட்சிகள் நின்றன, மகள்” என்றேன். “யாழ்ப்பாணத்துல ஊசிச் சின்னத்துல சுயேச்சையா நிண்டு ஒரு டொக்டர் போன வருசம் பாராளுமன்றம் போனாரே!” என்றாள். அதுவும் உண்மைதான், இராமநாதன் அர்ச்சுனா 2024 இல் அப்படித்தான் சென்றார். அவரைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. அதை அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் மண்ணிலேயே உதாரணங்கள் இல்லாமலில்லை. 2008 மார்ச்சில், 14 ஆண்டுகளின் பின் நடந்த மாநகர சபைத் தேர்தலின் முடிவில் சிவகீதா பிரபாகரன் என்ற பெண்மணி மட்டக்களப்பின் மேயரானார். அதே ஆண்டு மே மாதத்தில் சிவநேசதுரை சந்திரகாந்தன் 32 வயதில் கிழக்கு மாகாணத்தின் முதலாவது முதலமைச்சரானார். சிறுவயதிலேயே ஆயுதம் ஏந்தி, பின்னர் அரசியலுக்கு வந்தவர். துப்பாக்கி நிழலில் நடந்த அத்தேர்தல்களில் இளமையைக் கண்டு மகிழ்ந்தவர்களும் உண்டு. கதவைச் சாத்திக் கொண்டவர்களும் உண்டு. நாங்கள் சாத்திக் கொண்டோம். 2020 இல் பட்டிருப்பின் பழைய பாராளுமன்ற உறுப்பினர் சீ. மூ. இராசமாணிக்கத்தின் பேரன் சாணக்கியன் 29 வயதில் பாராளுமன்றம் சென்றார். மும்மொழியிலும் பேசும் அவருடைய ஆற்றலை நானும் வானொலியில் கேட்டு வியந்தவன். ஆனால் பாட்டனாரின் பெயர் ஊர் அறிந்த பெயர். என் மருமகளின் தகப்பனாரின் பெயரை ஒரு மதகின் கல்வெட்டில் மட்டுமே காணலாம். அதிலும் பாதி பாசி.

பிரசாரக் காலத்தில் எனக்கு அச்சம் நீங்கியதில்லை. இருட்டினால் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பேன். ஒருநாள் எட்டரை மணிக்கு அழைத்தால் மருமகள் எடுக்கவில்லை, தங்கையும் எடுக்கவில்லை. ஒன்பதேகாலுக்குத்தான் தங்கையின் குரல் கேட்டது. “கூட்டத்துல நிண்டம் அண்ணே, கேக்கல்ல.” நிண்டம் என்றாள், பன்மையில். அவள் மகளுக்குக் காவலாகக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆண்துணைக்கு எங்கே போவது என்று கேட்டவளே துணையானாள். பிறகு அறிந்தேன்: கடன் கடதாசி எதையும் வாசிக்கத் தெரியாத ஒரு கிழவியின் வீட்டில், மகள் பேசி முடித்த பின் தங்கை தானும் நான்கு வார்த்தை பேசினாளாம்.

அவளுடைய ஊரின் பழைய போடியார் குடும்பமும் ஒரு கட்சிப் பட்டியலில் நின்றது. போடியாரின் பேரப்பிள்ளைகளிடம் இப்போது நிலமும் அவ்வளவில்லை, அதிகாரமும் அவ்வளவில்லை. ஆயினும் கோயிலில் முதல் மாலை அவர்களுக்கே. அவர்கள் வீட்டுக்கும் கேத்தலுடன் போனார்கள். முல்லைக்காரரின் பேர்த்தியை நாற்காலி போட்டு இருத்தி வைத்துப் பேசினார்களாம். என் தகப்பனார் அந்த வீட்டின் முற்றத்தைத் தாண்டியதில்லை. நானே நெடுங்காலம் தாண்டியதில்லை.

மே மாதம் 6 ஆம் திகதி. உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சிலேயே முடிந்து, பணமில்லை என்று தேர்தல் பின்போடப்பட்டு, அப்படிப் பின்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஒருவாறாக வந்த நாள் அது. காலையில் கல்லடியிலே என் வாக்கைப் போட்டுவிட்டு, தங்கையின் ஊருக்குப் போனேன். மாலை நான்கு மணியுடன் வாக்களிப்பு முடிந்தது. அந்தந்த நிலையத்திலேயே எண்ணினார்கள். பாடசாலை மதிலுக்கு வெளியே வேப்பமரத்தின் கீழே நின்றோம். கடலை விற்பவன் நல்ல வியாபாரம் செய்தான்.

வட்டாரத்தில் மருமகளுக்குக் கிடைத்தவை 118 வாக்குகள். வென்றவருக்கு அதைப் போல மூன்று மடங்கிற்கும் மேல். சபையிலும் அவர்களுடைய குழுவுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, வென்றவரிடம் போய்க் கைகொடுத்துவிட்டு, அடுத்த நாள் காலையில் கடன் விடயமாக இருவரைக் கூட்டிக் கொண்டு பட்டினம் போக வேண்டும் என்று சொல்லி நேரத்தோடு படுத்துவிட்டாள். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். உள்ளே விளக்கு எரிந்து கொண்டேயிருந்தது. எட்டிப் பார்த்தேன்.

தங்கை தரையிலே வாக்காளர் இடாப்பை விரித்து வைத்துக் கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக் கொண்டிருந்தாள். சில பெயர்களுக்கு எதிரே சிறிய புள்ளடி. ஓட்டோக்காரர் வீடு மூன்று, வலை பின்னுபவள் வீடு நான்கு, நுண்கடன்காரிகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று, புருசன்மார் போட்டிருக்க மாட்டார்கள், கிழவிக்கு ஒன்று.

“என்ன செய்கிறாய், தங்கச்சி? விடிந்து போயிற்றே.”

“நூத்திப் பதினெட்டில நூத்தி ரெண்டு பேரப் புடிச்சிட்டன் அண்ணே” என்றாள், தலை நிமிராமல். “மிச்சம் பதினாறு ஆரு எண்டுதான் விளங்கல்ல. போடியார் வீட்டிலயும் ஒண்டு விழுந்திருக்குமோ எண்டு ஒரு எண்ணம்.”

பாயிலிருந்து எழுந்து போய் அவளுக்கு எதிரே அமர்ந்து, என் மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டேன். இடாப்பின் மறு பக்கத்தை நான் எடுத்துக் கொண்டேன்.